மலையில் வானிலை திடீரென்று மாறினால்: திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வருடத்தில் இரண்டு மூன்று தடவை திருகோணமலையிலிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மலையகத்துக்கு நடக்கப் போகிறோம். நக்கிள்ஸ், ஹோர்ட்டன் சமவெளி, ரிவர்ஸ்டன், சிவனொளிபாத மலை என்று இடம் மாறும். வருகிறவர்களும் மாறுவார்கள். கேட்கிற கேள்விகள் மட்டும் அதேதான். போகும் வழியில் ஹபரணையில் தேநீர் குடிக்கும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நாங்கள் கடற்கரை ஆட்கள். கடலையும் காற்றையும் பார்த்து நாளைக் கணிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் அந்தக் கணிப்பை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால் பிழையாகிவிடும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இங்கே கச்சான் காற்று வீசிக் காய்கிறது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அங்கே மட்டும் மழை பெய்யுமா?

பெய்யும். சொல்லப்போனால், இங்கே கச்சான் காய்வதும் அங்கே மழை கொட்டுவதும் ஒரே காற்றின் வேலை. மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சமுத்திரத்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதுகிறது. மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்து, தூக்கி வந்த ஈரத்தை அங்கேயே கொட்டிவிடுகிறது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இதனால்தான். ஈரத்தைப் பறிகொடுத்த காற்று மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது சூடேறி, உலர்ந்து வருகிறது. உதடு வெடித்து, முற்றத்துப் புழுதியெல்லாம் வீட்டுக்குள் வந்து படிகிற அந்த நாட்களில் மலையின் மறுபக்கத்தில் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்த மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைக் கவனித்துக் கேளுங்கள். பலத்த காற்று பற்றிச் சொல்லும் வசனத்தில் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளும் திருகோணமலை மாவட்டமும் சேர்ந்தே வருவதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். எங்கள் ஊரின் பெயர் வருகிறதே என்று கேட்டுவிட்டு, காற்றுத்தானே என்று விட்டுவிடுகிறோம். அதே காற்று அங்கே மழையும் மூடுபனியுமாக நிற்கிறது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறை வந்ததும் வெயில் தாங்காமல் "மலைப் பக்கம் போவோம்" என்று கிளம்புகிறோம். எங்கள் கோடை, மேற்குச் சரிவுக்கு மாரி. கோடைக்கு உடுத்துகிற உடுப்போடேயே போய் இறங்குகிறோம்.

அப்படியானால் எந்த மாதம் நல்லது?

பெப்ரவரியும் மார்ச்சின் முதல் பாதியும். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, அடுத்தது தொடங்காத இடைவெளி அது. காலை துப்புரவாக இருக்கும், இரவு நன்றாகக் குளிரும். ஹோர்ட்டன் சமவெளியில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு.

மார்ச் கடைசி, ஏப்ரல், பிறகு ஒக்டோபர்: பிற்பகல் இடி மின்னல் காலம். காலையில் நடந்து மதியத்துக்குள் இறங்கிவிட முடிந்தால் மட்டும் போகலாம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நக்கிள்ஸின் கிழக்குப் பக்கம், மீமுரேப் பகுதி ஓரளவு காய்ந்திருக்கும். ஆனால் உச்சிகளிலும் ரிவர்ஸ்டன் கணவாயிலும் காற்று ஆளைத் தள்ளும். நக்கிள்ஸ் இரண்டு பருவக்காற்றிலும் நனைகிற மலை என்பதை மறக்க வேண்டாம்.

நவம்பர், டிசம்பரில் நாங்கள் ஆட்களைக் கூட்டிப்போவதில்லை. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் என்ன நடக்கும் என்று திருகோணமலை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1964 டிசம்பர்ப் புயலைக் கண்டவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். 2020 டிசம்பரில் புரெவி எங்கள் கரையால்தான் ஏறியது. அப்படியான தாழமுக்கம் கரைக்கு வருகிறபோது அதன் மழைமேகங்கள் கிழக்கு மலைச்சரிவுகளில் போய் முட்டி நிற்கும்.

வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுப் போனால் போதாதா?

பார்க்க வேண்டும், போதாது. அறிக்கை மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் சொல்லப்படுகிறது. நீங்கள் நிற்கப்போவது ஒரு முகட்டில். ஒரே மலையின் இந்தப் பக்கம் வெயிலும் அந்தப் பக்கம் மழையுமாக இருப்பது அங்கே சாதாரணம். போனில் வரும் வானிலைச் செயலி கண்டி என்றோ மாத்தளை என்றோ காட்டும் வெப்பநிலை பட்டணத்துக்குரியது. உச்சி அதைவிட ஆயிரம் மீற்றர் மேலே இருக்கலாம்.

நான் செய்வது இதுதான்: போவதற்கு முந்தைய மூன்று நாட்களின் அறிக்கையைச் சேர்த்துப் பார்ப்பேன். மூன்று நாளும் அந்தப் பக்கம் மழை என்றால், நாலாம் நாள் வெயில் என்று சொன்னாலும் ஆறு நிரம்பியிருக்கும், மண் ஊறியிருக்கும். அப்புறம், போகும் ஊரில் உள்ள ஒருவருக்கு முதல் நாள் மாலை போன் எடுத்துக் கேட்பேன். வழிகாட்டியோ, தங்குமிடத்துக்காரரோ, யாராவது. "இரண்டு நாளா பின்னேரம் இருட்டிக்கிட்டு வருது தம்பி" என்று அவர் சொல்கிற ஒரு வசனம் எனக்குச் செயலியைவிடப் பெரிது.

காலையில் கண்ணாடி போல வானம். பின்னேரம் எப்படி அப்படிக் கொட்டுகிறது?

காலை வெயில் சரிவைச் சூடாக்குகிறது. சூடான காற்று சரிவைப் பிடித்து மேலே ஏறுகிறது. இரண்டு பக்கக் கடல்களிலிருந்தும் உள்ளே வருகிற ஈரக்காற்றும் மலையில் வந்து சேர்கிறது. பத்து, பதினொரு மணிக்கு முகடுகளின் மேல் பஞ்சுபோல் ஒன்றிரண்டு மேகம் தெரியும். பன்னிரண்டுக்கு அவை உயரத் தொடங்கும். இரண்டு மணிக்கு இடி. அறிக்கையில் "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அதற்குப் பின்னால் இருக்கிற கதை இது.

ஆகவே எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இருட்டோடு, ஐந்து ஐந்தரைக்கு நடக்கத் தொடங்குவோம். பதினொரு மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கே திரும்புவோம். உச்சி இருநூறு மீற்றரில் தெரிந்தாலும் திரும்புவோம். அந்த இருநூறு மீற்றருக்காக எத்தனையோ தடவை முகம் சுளித்திருக்கிறார்கள், ஒருமுறை ஒரு தம்பி என்னோடு பஸ்ஸில் கதைக்கவே இல்லை. பரவாயில்லை.

நடந்துகொண்டிருக்கும்போது மாறப்போகிறது என்று எப்படித் தெரியும்?

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிகிற அடையாளங்கள் பல அங்கேயும் செல்லும். திருக்கடலூரில் என் மாமா கரையில் நின்று முதலில் பார்ப்பது காற்றைத்தான். வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று செத்து, கொஞ்ச நேரத்தில் வேறு திசையிலிருந்து குளிராக ஒரு வீச்சு வந்தால், பக்கத்தில் எங்கோ மழை இறங்கிவிட்டது. மழைமேகத்திலிருந்து குளிர்ந்து விழுகிற காற்றுத்தான் முன்னால் ஓடி வருகிறது. பத்து நிமிடமோ இருபது நிமிடமோதான் உங்களுக்கு இருக்கும்.

மேகத்தின் மேற்புறத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் பரந்தால் பெரிய பயமில்லை. பூக்கோவா போல மேலே மேலே குமிழ்ந்துகொண்டு போனால், அடிப்பக்கம் கறுத்தால், இறங்குங்கள். பள்ளத்தாக்கிலிருந்து வெண்புகை போல மூடுபனி சரிவில் ஏறி வருவதும் ஒரு அடையாளம். அது வழமையாக மதியத்துக்குப் பிறகு வருகிற இடத்தில் எட்டு மணிக்கே ஏறினால் அன்றைய நாளில் ஈரம் அதிகம்.

மலையில் கடலைவிட ஒரு குறை உண்டு. கடலில் அடிவானம் வரை தெரியும். மலையில் முகட்டுக்குப் பின்னால் திரண்டு வருவது தலைக்கு மேல் வரும்வரை தெரியாது. அங்குள்ளவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்பது இதனால்தான். கொழுந்து பறிக்கிற அக்காமார் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு மலையைவிட்டு இறங்குகிறார்கள் என்றால் நீங்கள் ஏறக் கூடாது.

இலங்கையில் குளிரால் உயிராபத்து வருமா? இங்கே பனிமலை இல்லையே?

வரும். உடல் விறைப்புக்குப் பனி தேவையில்லை. உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் விறைப்பு தொடங்கிவிட்டது. 10, 15 பாகையில், நனைந்த உடுப்போடு, காற்றில் நின்றால் அது நடக்கும். நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறு, ஆறரைப் பாகை குறையும். ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றர் அளவில் இருக்கிறது. இங்கே 34 பாகையில் பஸ் ஏறுகிறவர் அங்கே 20 பாகையில் இறங்குவார். அது வெயில் இருந்தால். மேகம் மூடி, நனைந்து, காற்றும் அடித்தால் உடம்பு உணர்வது அதைவிட மிகக் கீழே. எங்கள் உடம்பு அதற்குப் பழகியதுமில்லை. 25 பாகைக்கே போர்வை தேடுகிற ஆட்கள் நாங்கள்.

ஒரு ஜூலை மாதம், நக்கிள்ஸில் ஒரு புல்முகடு. உப்புவெளியிலிருந்து வந்த பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் ஜீன்ஸும் பருத்தி டீசேர்ட்டும் போட்டிருந்தான். ரெயின்கோட் கொண்டுவரவில்லை. நான் புறப்படும்போது பைகளைப் பார்க்கவில்லை, அது என் பிழை. அரை மணித்தியாலம் மழை, அதற்குப் பிறகு நிற்காத காற்று. முதலில் சத்தமாகப் பகிடி விட்டுக்கொண்டு வந்தான். பிறகு கதை நின்றது. ஓய்வு எடுத்த இடத்தில் எல்லோருக்கும் டொபி கொடுத்தேன். அவன் அந்தத் தாளைப் பிரிக்கப் பார்க்கிறான், முடியவில்லை. இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும். அவனுடைய விரல்கள் நுனியைக் கண்டுபிடிக்கவே இல்லை, தடித்த உறை போட்டதுபோலத் தாளின் மேல் வழுக்கின. நகங்கள் நீலம். டொபியைப் பார்த்தபடி அப்படியே இருந்தான். "குளிருதாடா?" என்றேன். "குளிரேல்ல அண்ணை, நடப்பம்" என்றான். நாக்குக் குழறியது.

வெப்பமானியில் அப்போது 13 பாகை இருந்தது. பனி இல்லை, இரவு இல்லை. பகல் பதினொன்றரை.

நான்கு விடயங்களைப் பாருங்கள் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். கை தடுமாறுகிறதா, கால் இடறுகிறதா, பேச்சுக் குழறுகிறதா, ஆள் வழமைக்கு மாறாக எரிச்சல்படுகிறாரா அல்லது அமைதியாகிவிட்டாரா. நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசம். விறைத்த ஆளுக்குத் தன் நிலை தெரியாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். சிலர் கடைசிக் கட்டத்தில் சுடுகிறது என்று உடுப்பைக் கழற்றுவதும் உண்டு.

அப்படி ஒருவர் விறைத்தால் உடனே என்ன செய்வது?

அன்று செய்ததைச் சொல்கிறேன். முகட்டைவிட்டு இறங்கி, காற்றுப் படாத பாறைக்குப் பின்னால் அவனை இருத்தினோம். நிலத்திலிருந்தும் குளிர் ஏறும் என்பதால் கீழே இரண்டு பைகளைப் போட்டோம். ஈர உடுப்பு முழுவதையும் கழற்றி, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த என் மாற்று உடுப்பைப் போட்டு, தலையைத் துவாயால் மூடி, பெரிய பொலித்தீன் உறை ஒன்றை வெளியே சுற்றினோம். இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஒட்டி இருந்தார்கள். பிளாஸ்கில் இருந்த தேநீருக்குச் சீனி அள்ளிப்போட்டு மிடறு மிடறாகக் கொடுத்தோம். இருபது நிமிடத்தில் மறுபடி நன்றாக நடுங்கத் தொடங்கினான். அந்த நடுக்கத்தைக் கண்டபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் மெதுவாக இறங்கி தோட்டத் தொழிலாளர்களின் ஒரு லயத்து வீட்டு அடுப்படியில் அவனை உட்கார வைத்தோம். அந்த அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் விறகைத் தள்ளி நெருப்பைக் கூட்டினா.

செய்யக் கூடாதவை: கை கால்களைத் தேய்க்காதீர்கள், வெந்நீரில் வைக்காதீர்கள். சூடு நெஞ்சுக்கும் கழுத்துக்கும் கமக்கட்டுக்கும் முதலில் போக வேண்டும். மயங்கி இருப்பவருக்கு வாயால் எதுவும் கொடுக்காதீர்கள். நடுக்கம் நின்று, மறுமொழி சொல்லாமல் இருந்தால் நடக்க வைக்கக் கூடாது. படுக்க வைத்து, மெதுவாகக் கையாண்டு, 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

கொஞ்சம் சாராயம் குடித்தால் சூடாக இருக்குமே?

தோலில் சூடு தெரியும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போகும். வேண்டாம்.

மின்னல் தொடங்கினால் எங்கே ஒதுங்குவது?

முதலில் தூரத்தைக் கணியுங்கள். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது, அடுத்தது உங்கள் முகட்டில் விழலாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மேலே திரும்பிப் போகாதீர்கள்.

முகடு, வெட்டவெளிப் புல்நிலம், தனித்து நிற்கும் மரம், தொலைத்தொடர்புக் கோபுரத்தின் அடி, தண்ணீர் ஓரம், இந்த ஐந்தையும் விட்டு விலகுங்கள். ரிவர்ஸ்டனில் மழை வந்ததும் ஆட்கள் கோபுரத்துப் பக்கம் ஓடுவதைக் கண்டிருக்கிறேன், நெஞ்சு பதறும். பாறைக் குகையின் வாசலும் நல்ல இடம் இல்லை. மின்சாரம் பாறை வழியாக இறங்கும்போது அந்த வாசலை அங்கே நிற்கிற ஆளின் உடம்பு வழியாகத் தாண்டும். சிவனொளிபாத மலைப் படிகளில் இருக்கும் இரும்புக் கைப்பிடியை இடி நேரத்தில் பிடிக்காதீர்கள். தகரக் கொட்டிலும் கூடாரமும் மழைக்குத்தான், மின்னலுக்கு இல்லை. கண்ணாடி ஏற்றிய பஸ்ஸோ வானோ பாதுகாப்பு. ஓட்டோ பாதுகாப்பில்லை.

இறங்க நேரமில்லை என்றால் முகட்டிலிருந்து எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு போய், ஒரே அளவான மரங்கள் அடர்ந்த இடத்தில், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு இருங்கள். கூட்டமாகக் கட்டிப்பிடித்து நிற்பதுதான் இயல்பாக வரும், அதுதான் எல்லோரையும் ஒரே அடியில் விழுத்தும். மின்னல் தாக்கியவரைத் தொடலாம், அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம்.

மழையே பெய்யவில்லை, ஆறு எப்படித் திடீரென்று பெருகும்?

இதை மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்று ஆட்களிடம் கேட்டால் போதும். இங்கே ஒரு துளி விழாமல் மகாவலி பெருகி வயலை மூடியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். மலைநாட்டில் பெய்த மழை 335 கிலோமீற்றர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேருகிறது. எங்களுக்கு வந்து சேர நாள்கணக்காகும். மலையில் நீங்கள் குளிக்கிற அருவிக்கு மேலே இரண்டு கிலோமீற்றரில் பெய்தால் நிமிடக் கணக்குத்தான்.

தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், நீரின் சத்தம் மாறினால், அடியில் கற்கள் உருளும் "கடகட" கேட்டால், துணியையும் போனையும் தேடாமல் கரையேறுங்கள், எதிர்க்கரைக்கு அல்ல, வந்த கரைக்கு. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளை விழுத்தும். மலையோடைகள் ஏறுவதுபோலவே வடியும். இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருந்தால் பெரும்பாலும் கடக்கலாம். வடியாவிட்டால் இந்தப் பக்கமே இரவைக் கழிப்பது நல்லது.

மூடுபனியில் வழி தெரியாமல் போனால்?

நில்லுங்கள், இருங்கள், எண்ணுங்கள். எத்தனை பேர் வந்தோமோ அத்தனை பேரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து விளிம்பில் சுமார் 880 மீற்றர் நேர்ப் பள்ளம். காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு பனி ஏறினால் விளிம்பும் புல்லும் ஒரே வெள்ளை. படம் எடுக்கப் பின்னால் ஒரு அடி வைப்பவர்களைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன்.

மூடுபனி அலையலையாக வரும். பதினைந்து நிமிடம் இருந்தால் ஒரு கணம் விலகும், அப்போது அடையாளம் பிடித்துக்கொள்ளுங்கள். டோர்ச்சைத் தலையில் கட்டினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். இடுப்பளவில் பிடியுங்கள். ஆள் பிரிந்துவிட்டால் விசில்: நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. தொண்டை அரை மணியில் அடைத்துவிடும், விசில் அடைக்காது.

மண்சரிவைப் பற்றி நடக்கப் போகிறவர்கள் யோசிக்க வேண்டுமா?

வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியாது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு நேர்ந்தது, வந்துபோகிறவர்களுக்கு நேராது என்று இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படியாக, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே முதற்படி. போகும் பிரதேச செயலகப் பிரிவுக்கு மஞ்சள் வந்தாலே நாங்கள் பயணத்தைத் தள்ளிவைக்கிறோம். வழியில் புதிதாக ஊற்றுக் கிளம்பியிருந்தால், நிலத்தில் வெடிப்புக் கண்டால், மரங்கள் சாய்ந்திருந்தால், ஓடிக்கொண்டிருந்த ஓடை சட்டென்று வற்றினால், அந்தச் சரிவைக் குறுக்கே கடக்காதீர்கள். ஓடை வற்றுவது மேலே எங்கோ மண் அடைத்துவிட்டது என்பதற்கு அடையாளம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

என்ன கொண்டுபோக வேண்டும்?

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் கல்போலக் கனக்கும், நாள் முழுக்கக் காயாது. விளையாட்டுக்குப் போடுகிற பொலியெஸ்டர் உடுப்பு மலிவு, காற்றிலேயே காயும். ரெயின்கோட், மேலும் கீழுமாக. குடை முகட்டில் உதவாது. ஒரு முழு மாற்று உடுப்பும் காலுறையும் பொலித்தீனில் சுற்றி, அதை இன்னொரு பொலித்தீனில் போட்டு, பையின் அடியில். அதை வழியில் "கொஞ்சம் குளிருது" என்று எடுக்கக் கூடாது. கம்பளித் தொப்பி. பெரிய குப்பை உறை இரண்டு. பிளாஸ்கில் தேநீர். எள்ளுருண்டை, கச்சான் அல்வா, பேரீச்சம்பழம், நடந்துகொண்டே தின்னக் கூடியது. டோர்ச், விசில். போனை உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும்.

வான் வாடகைக்குப் பிடித்து, லீவு போட்டு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். பாதியில் திரும்புவது எப்படி?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. வானிலை மோசமானதால் வருகிற ஆபத்தில் பெரும்பகுதி இந்த எண்ணத்தால் வருகிறது என்று நம்புகிறேன். கண்டிக்கே ஐந்து மணித்தியாலம், அதற்குப் பிறகும் ஓட்டம். செலவான காசு கண்முன் நிற்கும்.

நாங்கள் இப்போது இரண்டு காரியம் செய்கிறோம். புறப்படும்போதே இரண்டாவது திட்டத்தைச் சொல்லிவிடுவோம்: மலை சரிவராவிட்டால் மாத்தளை, அலுவிகாரை, நாலந்தா, தம்புள்ளை. அப்போது திரும்புவது தோல்வியாகத் தெரியாது, அடுத்த இடத்துக்குப் போவதாக இருக்கும். இன்னொன்று, திரும்புவோம் என்று சொல்கிற உரிமை கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒருவர் சொன்னால் போதும், வாக்கெடுப்பு இல்லை, ஏன் என்று கேட்பதில்லை. முதல் முறை வந்த ஒரு தங்கைதான் ஒருநாள் அதைச் சொன்னாள். காலை ஒன்பது மணி, வெயில். ஆட்கள் முணுமுணுத்தார்கள். திரும்பினோம். அன்று பின்னேரம் மழை வந்ததா இல்லையா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை, கேட்கவும் விரும்பவில்லை.

அம்மாவைச் சிவனொளிபாத மலைக்குக் கூட்டிப்போக ஆசை. வானிலை எப்படி இருக்கும்?

டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் பௌர்ணமி வரையான யாத்திரைக் காலத்திலேயே போங்கள். மற்ற மாதங்களில் வழியில் விளக்கும் இருக்காது, தேநீர்க் கடையும் இருக்காது, மழையும் காற்றும் மட்டும் இருக்கும். பெப்ரவரி நடுவில், வார நாளில், நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறுவது அம்மாவுக்கு இலகு.

மலை 2243 மீற்றர். ஆபத்து ஏறும்போது இல்லை, ஏறிய பிறகு. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் வியர்த்து, சேலை நனைந்து, அதிகாலை மூன்று மணிக்கே உச்சிக்கு வந்துவிட்டு, சூரியன் வரும்வரை மூன்று மணித்தியாலம் காற்றில் குந்தியிருப்பார்கள். வயதானவர்கள் விறைப்பது அங்கேதான். ஆகவே மெதுவாக ஏறுங்கள். கடைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போங்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே உள்ள கடைசிக் கடைகளில் ஒன்றில், உள்ளே அணிந்திருப்பதைக் காய்ந்ததாக மாற்றி, சுவெட்டரும் தொப்பியும் போட்டு, விடிவதற்கு அரை மணித்தியாலம் முன்னால் மேலே போனால் போதும். காலுக்குச் சப்பாத்தும் தடித்த காலுறையும். மேலே சப்பாத்தைக் கழற்ற வேண்டும், காலுறை இருந்தால் அந்தக் குளிர்ந்த கல்லில் கால் தாங்கும்.

வழியில் சீத கங்குல ஓடையில் குளித்துவிட்டு ஏறுவது பலருக்கு நேர்த்தி. அம்மா ஏறும்போது முகமும் காலும் கழுவிக்கொள்ளட்டும். முழுக்கக் குளிக்க வேண்டுமானால் இறங்கி வரும்போது, வெயில் ஏறிய பிறகு, துவாயும் மாற்றுச் சேலையும் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.